பின்பக்கத்தைத் தொடாதே

கார்னெட் மேடு, ஓரிகன்
ஏப்ரல் 9

தம்பி வெர்னனுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். இரத்த அழுத்தம் மருத்துவர் விரும்பும் அளவில் இல்லை. இந்த ஊரில் எதுவுமே அவர் விரும்பும் அளவில் இருந்ததில்லை. உன் முழங்கால் எப்படி? ஜோலீன் உன்னைக் கவனித்துக்கொள்கிறாளா, அல்லது மகள்கள் வழக்கமாகச் செய்வதுபோல் உன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறாளா?

தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, ஆகவே எழுதுகிறேன். விஷயம் உன் வீட்டுப் பின்பக்கம்.

சென்ற கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரே எரிந்துபோனதைச் செய்தியில் பார்த்திருப்பாய். அதற்குப் பிறகு நம் தெருவுக்குப் பயம் பிடித்திருக்கிறது. வரும் மே, ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் கண்காட்சித் திடலில் தோட்டக் கழிவை இலவசமாக வாங்கிக்கொள்ளப்போகிறார்கள். வெட்டிய கிளை, உதிர்ந்த பைன் ஊசியிலை, காய்ந்த புதர் எதுவானாலும் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டலாம். ஓர் இயந்திரம் அதை அரைத்துத் தூளாக்கிவிடும். ஜூன் கடைசிச் சனிக்கிழமையோடு வாசலை மூடுகிறார்கள். அதன்பின் தோட்டத்தில் குப்பை கொளுத்தவும் தடை. அதற்குள் போகாத கழிவு கோடை முழுவதும் வீட்டைச் சுற்றியே கிடக்கும்.

நீ போன ஆண்டு டுலூத்துக்கு ஜோலீனிடம் போனதிலிருந்து, என் வேலிக்கு அடுத்திருக்கும் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. முன்பக்கம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. பின்பக்கத்தை உன் ஐரிஸ் இறந்த இந்த ஆறு ஆண்டாக யாருமே தொடவில்லை. ஜூனிப்பர் புதர் சன்னல் உயரத்துக்கு வளர்ந்து, முள் பிளாக்பெரி அதைப் பின்னிக்கொண்டு, ஓடைப் பள்ளம் வரை ஒரே அடர்த்தி. நாற்பது ஆண்டு வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஜூனிப்பர் ஒரு செடி அல்ல; வேர்விட்ட பெட்ரோல்.

பக்கத்து வீட்டு கிளெண்டா தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டுகிறாள். "புரொபசர், உங்க தம்பி புதரு பத்திக்கிச்சுன்னா மொதல்ல உங்க வீடு, அடுத்தது என் வீடு. அவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கிக் குடுங்க போதும். ரம்பத்தை நான் கொண்டாறேன்."

உரிமையாளரின் வார்த்தை இல்லாமல் யாரும் யாருடைய மண்ணிலும் கத்தி வைப்பதில்லை என்பது இந்தத் தெருவின் ஒரே நாகரிகம். அந்த வார்த்தையை எழுதி அனுப்பு.

உன் உடல்நலம் வேண்டும்,
அக்கா லெனோரா


டுலூத், மினசோட்டா
ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது. ஜோலீன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். ஏரியில் பனிக்கட்டி இன்னும் முழுதாக உருகவில்லை.

முன்பக்கத்தை உன் விருப்பப்படி வெட்டிக்கொள்ளலாம். பைன் மரத்தின் தாழ்ந்த கிளைகளையும் எடுத்துவிடலாம். பின்பக்கம் இருக்கட்டும். அந்த ஜூனிப்பர் ஐரிஸ் ஆசையாக நட்டது. அதைத் தொட வேண்டாம்.

பின்சுவரில் உள்ள தண்ணீர்க் குழாயின் இணைப்பை மூடிவிடாதே. மூடினால் ரப்பர் வளையம் காய்ந்துவிடும்.

அங்கே இந்தக் குளிர்காலம் எப்படி இருந்தது? இரவுகளில் மிகவும் உறைந்ததா? முன்பெல்லாம் நீ வானிலை எழுதுவாய், இப்போது எழுதுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கிளெண்டாவுக்கு என் வணக்கம்.

வெர்னன்


கார்னெட் மேடு
மே 12

தம்பிக்கு,

நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன், கோபப்படுகிறேன். ஆகவே நலம். நீயும் அந்த வரிசையில் முதல் இரண்டையாவது செய்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஐரிஸ் ஆசையாக நட்டாளா? அந்த வீட்டை வாங்கும்போதே ஜூனிப்பர் அங்கே இருந்தது. பூனை மூத்திர நாற்றம் அடிக்கிறது என்று சாகும்வரை அதைத் திட்டியவள் அவள். உன் மனைவியின் நினைவை நீ போற்றுவது எனக்குப் புரிகிறது; அவளுக்கு இல்லாத ரசனையை அவள்மேல் ஏற்றுவதுதான் புரியவில்லை.

திடலுக்கு இரண்டு முறை போய்வந்தேன். பிக்கப் வண்டிகள் நெடுஞ்சாலைவரை வரிசையில் நிற்கின்றன. வாசலில் ராய் என்றொருவன், கையில் நீண்ட கம்பு. ஒவ்வொரு சுமையையும் குத்திக் கிளறிப் பார்த்தபின்தான் உள்ளே விடுகிறான். எனக்கு முன்னால் இருந்தவர் கிளைகளுக்கு அடியில் ஒரு பழைய நாற்காலியை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது எந்த மரத்துல காய்ச்சது?" என்றான் ராய்.

"மரம்தானேப்பா அதுவும்?"

"இப்ப வேரு இருக்கா அதுக்கு? வார்னிஷ் அடிச்ச மரம் உள்ள வராது. செடி கொடி மட்டும்தான். எறக்கு, எறக்கு."

அந்த மனிதர் நாற்காலியை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்து ராயைத் திட்டினார். வரிசை முழுவதும் சிரித்தது.

நேற்று தீயணைப்பு அதிகாரி தெருவைப் பார்வையிட வந்தார். என் வீட்டுக்கு நல்ல மதிப்பெண். பிறகு என் பின்வாசலில் நின்று உன் பக்கம் திரும்பினார். "மேடம், நெருப்பு பள்ளத்துலேருந்து மேல ஏறும். ஏறினா இந்தப் புதரு வழியா நேரா உங்க சமையக்கட்டுக்குள்ள வரும். அதுக்குக் கதவு தட்டுற பழக்கம் கிடையாது," என்றார். நான் எளிதில் திகைப்பவள் அல்ல. அன்று மதியம் சாப்பிடவில்லை.

குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். குளிர்ந்தது. குளிர்காலத்தின் வேலை அதுதான். நான் கேட்டதற்குப் பதில் எழுது.

நலம் விழையும்,
லெனோரா


டுலூத்
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்; நீயும் நலமாக இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

பின்பக்கத்தை விட்டுவிடு. இலையுதிர் காலத்தில் நானே வந்து வெட்டுகிறேன். நீ தனியாக அதற்குள் போகாதே, பாம்பு இருக்கும்.

இதை ஒரு தம்பியாகக் கேட்கிறேன்.

வெர்னன்


கார்னெட் மேடு
ஜூன் 11

தம்பிக்கு,

நலம் என்று எழுதும் பொறுமை இன்று இல்லை. இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

இலையுதிர் காலத்தில் வருகிறாயாம். நெருப்பு ஆகஸ்டில் வருகிறது. அதற்கு உன் வசதி தெரியாது. படியேற முடியாத முழங்காலோடு ஜூனிப்பரை எதைக் கொண்டு வெட்டப்போகிறாய், மனவுறுதியைக் கொண்டா?

நான் எழுபத்தெட்டு வயதில் என் வீட்டை உன் பிடிவாதத்துக்குத் தின்னக் கொடுக்கத் தயாராக இல்லை. கிளெண்டாவின் பேரக்குழந்தைகள் கோடை முழுவதும் அவளோடு இருப்பார்கள். காரணம் ஏதாவது இருந்தால் எழுது, படித்துப் பார்க்கிறேன். ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்குள் உன் கடிதம் வராவிட்டால், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உரிமையாளரின் அக்கா என்ற முறையில் நானே வார்த்தை கொடுத்துவிடுவேன்.

ஜோலீனை விசாரித்ததாகச் சொல்.

லெனோரா


டுலூத்
ஜூன் 24

அக்கா,

உடல்நலம் விசாரிக்க நேரமில்லை. வெட்டாதே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது என் தவறு. இந்த வீட்டில் தொலைபேசி சமையலறையில் இருக்கிறது. ஜோலீனும் எப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து இன்று உன்னை அழைத்தேன். நீ எடுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. எழுதுகிறேன். அதுவரை பின்பக்கத்தை யாரும் தொட வேண்டாம். சனிக்கிழமைக்கு முன் இது வந்து சேர வேண்டும்.

வெர்னன்


கார்னெட் மேடு
ஜூன் 30

வெர்னன்,

சனிக்கிழமை வெட்டினோம். உன் கடிதம் இன்று, திங்கட்கிழமை, வந்தது.

எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு வயது காரணமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு இப்போது தெரியவில்லை.

காலையில் கிளெண்டா தன் எந்திர ரம்பத்தோடு வந்தாள். தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நான் வார்த்தை கொடுத்தேன். பள்ளத்தின் பக்கமிருந்து தொடங்கினார்கள். பாதி தூரம் போனதும் ரம்பம் நின்றது. கிளெண்டா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"புரொபசர், கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

"பாம்பா?"

"பாம்பு பல்லு வெளக்குமா?"

புதருக்கு நடுவே வட்டமாக ஓர் இடம் வெட்டவெளியாக இருந்தது. ஒரு பைன் ஊசியிலைகூட இல்லாமல் மண் தெரியப் பெருக்கப்பட்டிருந்தது. மடக்குக் கட்டில், அதன்மேல் நீலத் தார்ப்பாய், ஒரு கோப்பையில் பல்துலக்கி. மெருகு போட்ட கறுப்புக் காலணி ஒரு ஜோடி. மடித்து வைத்த வெள்ளை ஏப்ரன், உணவகங்களில் பாத்திரம் கழுவுபவர்கள் கட்டிக்கொள்வது. அடுப்பு இல்லை, தீப்பெட்டிகூட இல்லை. எங்கள் தெருவில் தீயணைப்பு அதிகாரி குறை சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான்.

"எவனோ குடியிருக்கான்!"

"பூட்டின வீட்டை நோட்டம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கான், திருட்டுப் பய."

"வாரக் கணக்கா இல்ல, வருசக் கணக்கா இருந்திருப்பான் போல. மண்ணைப் பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உரிமையாளரின் வார்த்தை என்னிடம்தானே இருந்தது! நான் சொன்னேன்: "எல்லாத்தையும் ஏத்துங்க."

ஏற்றினார்கள். கிளை, முள், கட்டில், தார்ப்பாய், கோப்பை, எல்லாம் ஒரே வண்டியில். அது திடலின் கடைசி நாள், வரிசை நீளம். ராய் கம்பை விட்டுக் கிளறினான்.

"இது என்ன, புரொபசர்?"

"கட்டில்."

"எல முளைக்குமா இதுல?"

"முளைக்காது."

"அப்ப உள்ள வராது. படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? செடி கொடி மட்டும்தான்."

கிளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, மற்றதையெல்லாம் அவனே இறக்கித் தார்ச்சாலை ஓரத்தில் வைத்தான். அப்போது கட்டிலிலிருந்து ஒரு போர்வை சரிந்து விரிந்தது. சாம்பல் நிறம், மஞ்சள் ஓரம். மூன்றாவது வரியில் ஐரிஸ் தப்பாகப் பின்னி, கடைசிவரை பிரிக்காமல் விட்ட அதே இடம்.

உன் வீட்டிலிருந்து திருடியிருக்கிறான் என்றே நினைத்தேன், வெர்னன். ஒரு பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இந்த மூளைக்குத்தான். பின்னால் நின்ற வண்டிகள் ஒலி எழுப்பின. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திடலை மூடும்போது அதெல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டதாம்.

மாலையில், வெயில் இன்னும் மரத்தின்மேல் இருந்தபோது, உன் பின்பக்கத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. கையில் உணவுப் பொட்டலம். வெட்டிய கட்டைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலரைக் கூப்பிடுவேன் என்று மிரட்டத்தான் வேலியருகே போனேன். அவன் திரும்பினான்.

"அத்தை," என்றான். "ரொம்ப சுத்தமா இருக்கு."

உன் மகன், வெர்னன்.

"கர்டிஸ், நீ அலாஸ்காவுல மீன் பிடிக்கிறதா உங்கப்பா சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு? நல்ல வேலைதான் அது."

"எவ்வளவு நாளா இங்க இருக்க?"

"ரெண்டு குளிர்காலம் ஆச்சு."

"என் கதவைத் தட்டியிருக்கலாமில்ல?"

"தட்டினா நீங்க அப்பாவுக்கு எழுதுவீங்க. அவரு பதில் எழுதணும். அவருக்குத்தான் சங்கடம்."

இரண்டு குளிர்காலம். என் படுக்கையறைச் சுவருக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும். பனியில் காலடித் தடங்களைப் பார்த்திருக்கிறேன். மான் வேட்டைக்காரர்கள் என்று ஊராட்சிக்குப் புகார்கூட எழுதினேன்.

உனக்குத் தெரிந்திருந்தது. குழாயை மூடாதே என்றாய். பாம்பு இருக்கும் என்றாய்.

உன் முழங்காலை விசாரிக்க வேண்டிய இடம் இது. விசாரிக்கவில்லை.

லெனோரா


டுலூத்
ஜூலை 9

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஐரிஸின் கடைசி வாரங்கள் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அப்போது கர்டிஸ் மாத்திரைக்கு அடிமையாக இருந்தான். ஓர் இரவு அவளுடைய வலிமாத்திரைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருந்துக்கடை திறக்கும்வரை அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. நீ கண்ணை மூடுற வரைக்கும் கூடாது. சத்தியம் பண்ணு." கட்டிலின் மறுபக்கம் ஜோலீன் நின்றிருந்தாள். பண்ணினேன்.

நான் இங்கே வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு காலை, சமையலறைச் சன்னல் வழியாக அவனைப் பார்த்தேன். ஜூனிப்பருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். வாசற்படி என்றுதான் ஐரிஸ் சொன்னாள். தோட்டத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. போர்வையைப் பின்படியில் வைத்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. அவ்வளவுதான். அவனும் படியேறவில்லை, நானும் கூப்பிடவில்லை. சத்தியத்தை மீறவில்லை, அக்கா.

இங்கே வந்தபின் அவன் உயிரோடு இருக்கிறானா என்று அறிய எனக்கு வழியில்லை. பின்பக்கத்தில் எதையாவது பார்த்திருந்தால் நீ எழுதியிருப்பாய். நீ அப்படி எதுவும் எழுதாத ஒவ்வொரு கடிதத்தையும் நல்ல செய்தி என்று வைத்துக்கொண்டேன்.

ஜோலீனுக்குத் தெரியாது. அவன் இப்போது எங்கே?

வெர்னன்


கார்னெட் மேடு
ஜூலை 21

வெர்னன்,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

மகனுக்கு மண்ணைக் கொடுத்தாய், கூரையைக் கொடுக்கவில்லை. பூட்டிய வீட்டின் சூடற்ற சுவரைப் பார்த்தபடி அவன் பனியில் படுத்திருந்தான். நீ டுலூத்தில் உட்கார்ந்து சத்தியத்தின் சொற்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தாய். வழக்கறிஞர்கள் இதைவிடக் குறைவான காரியத்துக்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

அவன் என் வீட்டில் தங்க மறுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், பின்படியில் நின்றபடியே சாப்பிடுகிறான். ஊருக்குள் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். மாத்திரையை விட்டுப் பல காலம் ஆயிற்று என்கிறான். பொய் சொல்லும் மாணவர்களை ஒரு வாழ்நாள் முழுவதும் பார்த்தவள் நான். இவன் சொல்வதை நம்புகிறேன்.

என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அத்தை, அன்னைக்கு ராத்திரி அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"ஆமா," என்றேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

இப்போது அவன் கீழே, ஓடைப் பள்ளத்தில் படுக்கிறான். உன் பின்பக்கத்தைச் சுத்தம் செய்து நாங்கள் அவனைத் தள்ளிய இடம் அது. நெருப்பு எங்கிருந்து ஏறும் என்று அந்த அதிகாரி விரல் நீட்டிக் காட்டினாரோ, அதே இடம். சொன்னேன். "அங்க எரியறதுக்கு என்ன இருக்கு அத்தை? நானும் ஓடையும்தான்," என்கிறான்.

"உள்ளே போ" என்று ஒரே வரி எழுதி அனுப்பு. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் சொன்னால் கேட்க மாட்டான். அந்த வீடு என்னுடையதில்லை. ஆகஸ்ட் வருகிறது.

ஜோலீனை விசாரி. உன்னையும்.

லெனோரா


டுலூத்
ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

நான்கு முறை காகிதத்தை எடுத்து வைத்தேன். அந்த ஒரு வரி வரவில்லை. சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்க வேண்டியவள் இறந்துவிட்டாள். நான் யாரிடம் போய்க் கேட்பது?

அவனைப் பள்ளத்திலிருந்து மேலே வரச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

வெர்னன்


உயர்நிலைப்பள்ளி முகாம்
ஆகஸ்ட் 27

வெர்னன்,

உயிரோடு இருக்கிறேன். கூடைப்பந்து அரங்கில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் கிளெண்டா குறட்டை விடுகிறாள். கர்டிஸும் உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

வியாழக்கிழமை எதிர்மலையில் மின்னல் விழுந்தது. வெள்ளி நண்பகலில் வானம் செங்கல் நிறமாயிற்று. கிளெண்டா என்னைத் தன் வண்டிக்குள் தள்ளினாள். தெருமுனையில் நின்ற காவலரிடம், பள்ளத்தில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று கத்தினேன்.

"பேரு?"

"கர்டிஸ் ஹாஸ்கெட்."

"எந்த வீடு?"

அதற்கு உன் வீட்டைச் சொன்னேன். அவர் வானொலியில் யாருக்கோ தகவல் சொன்னார். பிறகு புகையில் ஒன்றும் தெரியவில்லை. நான்கு நாள் ஒன்றுமே தெரியவில்லை. இந்த அரங்கின் தரையிலுள்ள கோடுகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

நேற்று காப்பி குடிக்க ஒரு தீயணைப்புக் குழு வந்தது. அதில் ஐடஹோவிலிருந்து வந்த ஓர் இளம்பெண், முகமெல்லாம் கரி. கார்னெட் மேட்டில் இருந்ததாக அவள் சொன்னதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தச் சரிவுலயே ஒரே ஒரு வீட்டுப் பின்பக்கம்தான் மொட்டையா இருந்துச்சு, மேடம். வேற போக்கிடம் இல்ல, வண்டிய அங்க நிறுத்தினோம். பள்ளத்துலேருந்து ஒருத்தரு மேல வந்தாரு, முடியெல்லாம் கருகி. வந்தவரு ஓடல. குழாயைத் தொறந்து செவுத்த நனைக்க ஆரம்பிச்சிட்டாரு. நெருப்பு ஓடையத் தாண்டிடுச்சு. இனிமே வெளிய நின்னா வெந்துருவோம். 'யோவ், உள்ள போய்யா'ன்னு கத்தினேன். 'எனக்கு அங்க அனுமதி இல்ல'ன்னாரு."

"அப்புறம்?"

"'யாருய்யா குடுக்கல?'ன்னேன். 'எங்கம்மா'ன்னாரு. 'உங்கம்மா எங்க?'ன்னேன். 'எறந்துட்டாங்க'ன்னாரு. எனக்கு ஒரு நிமிசம் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடுச்சு, மேடம். எல்லாப் பக்கமும் தீப்பொறி பறக்குது, இந்த ஆளு செத்துப்போன அம்மாகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. பின்கதவை ஒரே ஒதை. அவரப் புடிச்சு உள்ள தள்ளி நானும் விழுந்தேன். சமையக்கட்டுத் தரையில படுத்துக் கெடந்தோம், தலைக்கு மேல ரயிலு போற மாதிரி சத்தம். அப்ப அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? படுத்துக்கிட்டே பூட்ஸைக் கழட்டுறாரு. 'தரை அழுக்காயிடும், அம்மா திட்டுவாங்க'ங்கிறாரு."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் கோப்பையை வைத்துவிட்டு அடுத்த நெருப்புக்குப் போய்விட்டாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

உன் வீடு நிற்கிறது. என் வீடும், கிளெண்டாவின் வீடும் நிற்கின்றன. தெருக்கோடியில் இரண்டு வீடுகள் இல்லை. எல்லோரும் என்னிடம் வந்து, உன் பின்பக்கத்தை வெட்டியதற்காக நன்றி சொல்லிக் கையைக் குலுக்குகிறார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆறு ஆண்டு நீ கட்டிக் காத்த சத்தியத்தை யாரோ ஒரு பெண் ஒரு உதையில் முடித்துவிட்டாள், வெர்னன். அவளுக்குத் தோன்றிய எளிய விஷயம், படித்த நமக்கு இத்தனை கடிதத்திலும் தோன்றவில்லை.

இன்று மருத்துவமனைக்குப் போய் அவனைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டு, இருமிக்கொண்டே இருக்கிறான். கதவு பற்றித்தான் கவலைப்படுகிறான்.

"அத்தை, கதவு ஒடஞ்சு தொங்குது. நான் சரி பண்ணிக் குடுத்துடறேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. உள்ள போக மாட்டேன், வெளியிலேருந்தே பண்ணிடுவேன்."

நான் சொல்ல மாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் இனி நான் தபால்காரி இல்லை. அவனுடைய மருத்துவமனை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

நலமாக இரு. இதை முறைக்காக எழுதவில்லை.

அக்கா


டுலூத்
செப்டம்பர் 6

கர்டிஸுக்கு,

கை எப்படி இருக்கிறது? இருமல் குறைந்ததா? எனக்கு முழங்கால் தவிர ஒன்றுமில்லை.

ஜோலீனிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் இந்த உறைக்கு அஞ்சல்தலை ஒட்டி வைத்திருந்தது அவள்தான்.

கதவைப் பற்றி அத்தை எழுதியிருந்தாள். வெளியிலிருந்தே சரிசெய்வதாகச் சொன்னாயாம். அது முடியாது. அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. கீல்கள் உள்ளே இருக்கின்றன. நிலைச்சட்டமும் பிளந்திருக்கும். பழைய திருகுகளைக் கழற்றி, துளைகளை மரச்சீவல் வைத்து அடைத்து, பசை காயவிட்டு, மறுபடி துளையிட வேண்டும். கை முழுதும் ஆறாமல் தொடாதே. ஆறிய பிறகும் அது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. அவசரப்படாதே. குளிர்காலம் முழுவதும் ஆனாலும் பரவாயில்லை.

உள்ளே இருந்துதான் செய்ய வேண்டும்.

அப்பா